மாட்டை விற்று வாங்கும் கேமரா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பேப்பரின் இணைப்பில், தொடக்க நிலை டிஜிட்டல் கேமராக்களையும் நடுத்தர விலை கேமராக்களையும் ஒப்பிட்டு ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. அதை நான் தேடிப் படிக்கவில்லை, அதுவே என்னைத் தேடி வந்தது. எதிர்வீட்டு அக்கா அந்தப் பக்கத்தை எட்டாக மடித்துக் கொண்டுவந்து என் கடை மேசைக் கண்ணாடி மேல் விரித்தார்.

“பய பன்னெண்டாவது முடிச்சுட்டாம்மா. போட்டோ எடுக்கத்தான் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். வாங்குறதுதான் வாங்குற, மொதல்லயே நல்லதா வாங்கிடுன்னு பேப்பர்லயே போட்டிருக்கு. செவலயக் குடுத்துட்டு வாங்கிரலாமான்னு பாக்குறேன். நீ என்னா சொல்ற?”

செவலை என்பது அவர்கள் வீட்டுக் கறவை மாடு. காலையில் கறக்கும் பாலில் அரை லிட்டர் என் வீட்டுக்கு வருகிறது. ஆக, இந்தக் கடிதத்தில் எனக்கும் கொஞ்சம் சுயநலம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வலங்கைமானில், கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகும் சாலையை ஒட்டி, பத்தொன்பது வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ், ஜெராக்ஸ், லேமினேஷன் எல்லாம் உண்டு. ஆனால் சோறு போடுவது மஞ்சள் நீராட்டும் வளைகாப்பும்தான். பெண்கள் கூடியிருக்கும் அறைக்குள் ஆம்பிளை போட்டோகிராபர் நுழைந்தால் கூச்சப்படும் வீடுகள் இந்தப் பக்கம் இன்னும் நிறைய. அந்த வீடுகளிலிருந்துதான் எனக்கு போன் வரும்.

உங்கள் பக்கத்தை எழுதியவர் பொய்யாக ஒன்றும் எழுதவில்லை. எண்களைச் சரியாகவே போட்டிருக்கிறார். அட்டவணையில் பதினோரு வரிசை: மெகாபிக்சல், நொடிக்கு எத்தனை படம், வைஃபை உண்டா, எந்தெந்த நிறத்தில் கிடைக்கும் என்பது வரை. கடைசியில் நடுத்தரத்துக்குப் பத்துக்கு எட்டரை மார்க், தொடக்க நிலைக்கு ஆறு. அக்கா அந்த எட்டரையைத்தான் விரலால் தொட்டுக் காட்டினார். அந்த இரண்டரை மார்க்குக்கு ஒரு மாடு போகிறது.

அவரிடம் வாயால் சொல்லிப் புரிய வைக்க முடியாது என்று தெரிந்தது. கடையில் இரண்டு பாடி, அதாவது லென்ஸைக் கழற்றிய வெறும் கேமரா, வைத்திருக்கிறேன். ஒன்று பழைய தொடக்க நிலை பாடி. இன்னொன்று இப்போது விசேஷங்களுக்குக் கொண்டுபோகும் நடுத்தர பாடி. இரண்டும் ஒரே கம்பெனி, இரண்டும் 24 மெகாபிக்சல். எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை, விளம்பரம் மாதிரி ஆகிவிடும். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒரே ஒரு டியூப்லைட்டை மட்டும் விட்டு, குத்துவிளக்கை ஏற்றி, அக்காவையே அதன் முன்னால் உட்கார வைத்துத் திரியைத் தூண்டச் சொன்னேன். பையன் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் இரண்டு பாடியிலும் அந்த 18-55 கிட் லென்ஸை மாட்டி எடுத்தேன். கேமரா வாங்கும்போது பெட்டியிலேயே வருமே, அதுதான். ஜூமை 35-ல் வைத்தால் அந்த லென்ஸ் எஃப் 4.5 வரைதான் திறக்கும் (எஃப் எண் சின்னதாக ஆக ஆக லென்ஸின் வாய் பெரிதாகத் திறக்கும்). ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, 3200-க்கு ஏற்றியும் ஷட்டர் வேகம் 1/20 நொடிக்கு மேல் போகவில்லை. அப்புறம் 35 எம்எம் எஃப் 1.8 லென்ஸை மாட்டினேன். அதே இடம், அதே வெளிச்சம், அதே 3200. ஷட்டர் 1/125-க்கு வந்துவிட்டது. லென்ஸுக்குள் ஆறு மடங்கு வெளிச்சம் நுழைகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். முதல் இரண்டு படத்திலும் அக்காவின் விரல் புகை மாதிரி கலைந்திருந்தது. அடுத்த இரண்டில் விரல் நுனியில் ஒட்டிய எண்ணெய் தெரிந்தது.

நான்கையும் கும்பகோணத்தில் லேபுக்கு அனுப்பி 12×18 பிரிண்ட் போட்டு, பின்பக்கம் பென்சிலால் குறித்துவைத்தேன். மூன்று நாள் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடமெல்லாம் காட்டினோம். இரண்டு நல்ல படம், இரண்டு கலங்கிய படம் என்று எல்லாரும் பிரித்தார்கள். ஆனால் அந்த ஜோடிக்குள் எது விலை கூடின பாடியில் எடுத்தது என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. சொல்லப்போனால் பென்சில் குறியைப் பார்க்காமல் எனக்கே தெரியவில்லை. பென்ஷன் புத்தகத்துக்குப் போட்டோ எடுக்க வந்த ஒரு அப்பாயி மட்டும் கலங்கிய படத்தை எடுத்து, “இதுலதான் கையி ஆடுது, உசுரோட இருக்கு” என்றது. அதற்குமேல் நான் என்ன பேச?

காரணம் ரொம்ப எளிது. இந்த இரண்டு வகை பாடிக்குள்ளும் வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சார் ஒரே அளவு. நிக்கான், சோனி என்றால் ஏறக்குறைய 23.5க்கு 15.6 மில்லிமீட்டர். கேனான் என்றால் ஒரு துளி சின்னது, 22.3க்கு 14.9. சின்னத் தபால்தலை அளவு. விலை ஏற ஏற இந்தத் தபால்தலை பெரிதாவதில்லை. அது பெரிதாக வேண்டுமென்றால் ஃபுல் ஃபிரேம் என்கிற அடுத்த படிக்கட்டுக்குப் போகவேண்டும், அது உங்கள் பக்கத்தில் வரவே இல்லை. மெகாபிக்சல் கதையும் இப்படித்தான். கேனான் 1500டி 24.1, 200டி மார்க் 2-வும் 24.1. நிக்கானில் தொடக்க நிலை டி3500 24.2, நடுத்தர டி7500 வெறும் 20.9. விலை கூட, எண் குறைவு! உங்கள் அட்டவணையிலேயே அது பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் பாதிப் பேர் மெகாபிக்சலைத் துரத்துவதை விட்டிருப்பார்கள்.

நடுத்தரத்தில் கேனான் 90டி-யிலும் ஆர்7-லும் 32.5 இருக்கிறதே என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 24 மெகாபிக்சல் படத்தின் அகலம் 6000 புள்ளி. அங்குலத்துக்கு 300 என்று பிரிண்ட் போட்டால் 20 அங்குலம். 32.5-ல் அகலம் 6960 புள்ளி, அதே கணக்கில் 23 அங்குலம். எண்பது லட்சம் புள்ளி கூடுதலாகக் கொடுத்து, கைக்கு வருவது மூன்று அங்குலம். இந்தப் பக்கம் கல்யாண ஆல்பம் 12×36-ல் போடுகிறோம், அதாவது விரித்தால் ஒவ்வொரு பக்கமும் 12×18. அதற்கு 24 போதும், மிச்சமும் இருக்கிறது.

அப்படியானால் நடுத்தர பாடியே தண்டமா? இல்லை. நானே ஒன்று வைத்திருக்கிறேனே. ஆனால் அதற்குக் கொடுத்த பணம் படம் அழகாக வருவதற்கு இல்லை. எதற்கு என்பதை உங்கள் அட்டவணை தொடவே இல்லை. எனக்கு அது எப்படித் தெரிய வந்தது என்பதைச் சொல்கிறேன்.

2016 டிசம்பர். பக்கத்துக் கிராமத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு. அப்போது என்னிடம் இருந்தது பழைய பாடி ஒன்றுதான், அதில் கார்டு போட ஒரே ஸ்லாட். காலை ஆறரை மணிக்கு ஆரம்பித்து மதியம் இரண்டு வரை எடுத்தேன். தாய்மாமன் இந்தச் சீருக்காகவே சிங்கப்பூரிலிருந்து பத்து நாள் லீவில் வந்திருந்தார். மேளம் வைத்து, தெரு முழுக்கத் தாம்பாளம். அவர் மாலை போடும்போது பெண் தலையைக் குனிந்து சிரித்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. என் கண்ணில் மட்டும்தான் நிற்கிறது.

சாயங்காலம் கடைக்கு வந்து கார்டைக் கம்ப்யூட்டரில் சொருகினேன். ஃபார்மேட் செய்யவா என்று கேட்டது. எடுத்துத் துடைத்து மறுபடி சொருகினேன். மறுபடி அதே கேள்வி. அந்தச் சின்ன ஜன்னலைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. மறுநாள் டேட்டா எடுத்துத் தருபவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அறுநூற்றுச் சொச்சம் படத்தில் இருநூறு போல வந்தது. அதிலும் பாதி, மேலே முகம் இருக்கும், கழுத்துக்குக் கீழே வெறும் சாம்பல் பட்டை. மாமன் சீர் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நானே நேரில் போய்ச் சொன்னேன். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. “மாமன் நின்னது ஒன்னே ஒன்னாச்சும் இருக்குமாம்மா?” என்று பெண்ணின் அம்மா கேட்டார். கடைசியில் யாரோ ஒரு பையன் பந்தல் மூலையிலிருந்து செல்போனில் எடுத்த படம்தான் அந்த ஆல்பத்துக்கு முதல் பக்கம் ஆயிற்று. மாமனின் பாதி முகத்தை ஒரு வாழைக்குலை மறைத்திருந்தது.

கார்டு யாருக்கும் போகும், எந்த கேமராவிலும் போகும். ஆனால் ஸ்லாட் இரண்டு இருந்தால் ஒரே படம் இரண்டு கார்டிலும் ஏறிவிடும். அடுத்த வருஷம் நகையை வைத்து நடுத்தர பாடி வாங்கினேன் என்றால் அந்த இரண்டாவது ஓட்டைக்காகத்தான். இதிலும் ஒரு குழி உண்டு. நடுத்தரம் என்றாலே இரண்டு ஸ்லாட் என்று நினைத்துவிடக் கூடாது. நிக்கான் டி7200-ல் இரண்டு இருந்தது, அதற்கு அடுத்து 2017-ல் வந்த டி7500-ல் ஒன்றாக்கிவிட்டார்கள். கேனான் 90டி-யில் ஒன்று. மிரர்லெஸ்ஸில் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை கேமரா) கேனான் ஆர்10-க்கு ஒன்று, ஆர்7-க்கு இரண்டு. சோனி ஏ6400-க்கு ஒன்று. மாட்டை விற்று எட்டரை மார்க் பாடி வாங்கி வந்து, பிற்பாடு பார்த்தால் ஒரே ஓட்டை என்றால் என்ன செய்வது? உங்கள் அட்டவணையில் நிறத்துக்கு ஒரு வரிசை இருந்தது, இதற்கு இல்லை. என் முக்கியமான மனக்குறை இதுதான்.

ஒற்றை ஸ்லாட் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: பெரிய கார்டு ஒன்றைப் போட்டு நாள் முழுக்க ஓட்டாதீர்கள். 32 ஜிபி-யில் நாலு கார்டு வைத்துக்கொள்ளுங்கள். சீர் வருவதற்கு முன் ஒரு கார்டு, சீருக்கு ஒரு கார்டு, சாப்பாட்டுக்கு ஒரு கார்டு. போனாலும் சாம்பார் ஊற்றுகிற படம் மட்டும் போகட்டும்.

நடுத்தர பாடியில் இரண்டாவதாக நான் மதிப்பது சக்கரம். தொடக்க நிலை பாடிகளில் பெரும்பாலும் ஒரே சக்கரம். ஷட்டரை மாற்ற அதைச் சுற்ற வேண்டும், அப்பர்சரை (லென்ஸ் திறக்கும் அளவை) மாற்ற ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதையே சுற்ற வேண்டும். வீட்டில் குழந்தையை எடுக்கும்போது இது ஒரு பொருட்டே இல்லை. கெட்டிமேளம் கொட்டுகிற நொடியில் பொருட்டு. நடுத்தரத்தில் இரண்டு சக்கரம், கட்டைவிரலுக்கு ஒன்று, ஆள்காட்டி விரலுக்கு ஒன்று. கண்ணை எடுக்காமல் மாற்றிவிடலாம். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரும் அப்படி. 1500டி, டி3500 மாதிரி பாடிகளில் கண்ணுக்குத் தெரிவது படத்தில் 95 சதவீதம்தான். நாம் பார்க்காத அந்த ஐந்து சதவீதத்துக்குள் யாராவது ஒரு சித்தப்பா முழங்கையை நீட்டியிருப்பார். 90டி, டி7500 வகையில் 100 சதவீதமும் தெரியும். என் பழைய ஆல்பங்களில் எத்தனை முழங்கை வெட்டியிருக்கிறேன் தெரியுமா!

ஃபிளாஷ் விஷயம் இன்னும் முக்கியம், யாரும் எழுதுவதில்லை. ஃபிளாஷ் சொருகும் இடத்தில், நடுவில் ஒரு வட்டமான உலோகப் பொட்டு இருக்கும். நம் ஊரில் ஸ்டுடியோ லைட்டைத் தூண்டப் பயன்படுத்தும் மலிவு டிரிக்கர்கள் பல அந்தப் பொட்டை நம்பித்தான் ஓடுகின்றன. கேனான் தன் தொடக்க நிலை பாடிகளான 1500டி-யிலும் 200டி மார்க் 2-விலும் அந்தப் பொட்டை எடுத்துவிட்டது. தன் கம்பெனி ஃபிளாஷுக்கு ஏற்ற மற்ற பொட்டுகள் இருக்கும், நடுப் பொட்டு இருக்காது. 2023-ல் வந்த ஆர்50-ல் அந்த இடமே புது மாதிரி, பழைய ஃபிளாஷை மாட்டத் தனியாக ஒரு அடாப்டர் வாங்க வேண்டும். வீட்டுக்கு வாங்குபவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஸ்டுடியோவுக்கு உதவியாளாகப் போக நினைக்கும் பையனுக்கு உண்டு. இருக்கிற டிரிக்கரைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், சொருகிப் பார்த்து, லைட் அடிக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

நிக்கான் பக்கம் இதே மாதிரி ஒன்று: பழைய டி வகை லென்ஸ்கள் மாமா வீட்டுப் பரணில் கிடக்கும், 50 எம்எம் எஃப் 1.8 டி மாதிரி. டி3500-ல் அதைத் திருப்ப மோட்டார் இல்லை, கையால்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். டி7500-ல் மோட்டார் உண்டு.

வேகம் வேண்டியவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. பங்குனியில் எங்கள் ஊர் பாடைகட்டி மாரியம்மன் கோவிலில் பாடைக்காவடி நடக்கும். நோயில் கிடந்து பிழைத்தவர்கள் நேர்த்திக்கடனுக்காக, குடமுருட்டியில் குளித்து, செத்தவரைப் போல பச்சைப் பாடையில் படுத்துக்கொள்வார்கள். சொந்தக்காரர்கள் தீச்சட்டியோடு தூக்கி வருவார்கள். கோவிலில் இறக்கியதும் அந்த ஆள் கண்ணைத் திறந்து எழுந்து உட்காருவாரே, அந்த ஒரு நொடி எடுக்க வேண்டும். சுற்றிலும் தோளும் தலையும். 1500டி நொடிக்கு மூன்று படம் எடுக்கும், 90டி பத்து. மூன்றில் ஒன்றில் கண் மூடியிருக்கும், ஒன்றில் யாராவது குறுக்கே வந்திருப்பார்கள், மிச்சம் ஒன்று. இங்கே நடுத்தரம் ஜெயிக்கிறது. வடுவூர் ஏரிக்குப் பறவை எடுக்கப் போகும் ரிட்டயர்டு சார் ஒருவர் என்னிடம் பிரிண்ட் போடுவார். நத்தைகுத்தி நாரை எழும்பிப் பறக்கும்போது ஒன்பது ஃபோகஸ் புள்ளிக்கும் நாற்பத்தைந்து புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் என்னைவிட நன்றாகச் சொல்வார். ஆனால் அவரே முதலில் வாங்கியது நீள லென்ஸ், பாடியை மாற்றியது மூன்று வருஷம் கழித்து.

வெயிலைப் பற்றியும் ஒன்று. பட்டப்பகலில் எஃப் 1.8-ஐ முழுக்கத் திறந்து, ஐஎஸ்ஓ 100-ல் எடுத்தால் ஷட்டர் 1/8000 கேட்கும். தொடக்க நிலை பாடிகள் 1/4000-லேயே நின்றுவிடும், நடுத்தரம் பலவும் 8000 வரை போகும். இதை ஒரு பெரிய குறையாகச் சிலர் சொல்வார்கள். எஃப் 2.8-க்கு மூடிக்கொள், வேலை முடிந்தது.

லென்ஸ் வாங்கு, லென்ஸ் வாங்கு என்று சொல்லிக்கொண்டே போகிறேன், எந்த லென்ஸ் என்று சொல்ல வேண்டாமா? எல்லாரும் 50 எம்எம் எஃப் 1.8 என்பார்கள். விலை குறைவு, முகம் அழகாக வரும். 55-ல் எஃப் 5.6-ல் நிற்கும் கிட் லென்ஸோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சம். ஆனால் இந்தச் சின்ன சென்சாரில் அது 75, 80 எம்எம் மாதிரி நெருங்கிக் காட்டும். நம் வீட்டுக் கூடங்களில் வளைகாப்பு வைப்பார்கள். நடுவில் மனை, அதைச் சுற்றி இருபது பெண்கள், ஏழு வகைச் சாதம். நீங்கள் பின்னால் நகர்ந்து நகர்ந்து முதுகு சுவரில் முட்டி நிற்பீர்கள், அப்போதும் கர்ப்பிணியின் முகமும் ஒரு பக்க வளையலும்தான் வரும். வளையல் அடுக்கும் பாட்டியும் வேண்டும், வாயைப் பொத்திச் சிரிக்கும் நாத்தனாரும் வேண்டும். அதற்கு 35 எம்எம். இன்னும் சின்ன வீடு என்றால் கேனானில் 24 எம்எம் எஃப் 2.8 ஒன்று இருக்கிறது, தோசைத் திருப்பி கனம்கூட இருக்காது. எனக்கு ஒரே ஒரு லென்ஸ்தான் என்றால் 35-தான்.

மிரர்லெஸ் பற்றி உங்கள் பக்கத்தில் இரண்டே வரி. இப்போது புதிதாக வாங்குகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியதே அது. ஆர்50 தொடக்க நிலைதான், பேட்டரியும் கார்டும் சேர்த்து 375 கிராம், ஆனால் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. சடை நாகமும் நெற்றிச்சுட்டியும் போட்டுத் தலை குனிந்திருக்கும் பெண்ணிடம் பழைய பாடிகள் நெற்றிச்சுட்டியைத்தான் பிடிக்கும், அது மினுமினுக்கும் அல்லவா? இது கண்ணைப் பிடிக்கிறது. எங்கள் தொழிலில் பத்து வருஷம் பழகிக் கற்றுக்கொண்ட ஒரு வித்தையை இப்படிக் கடையில் விற்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். பேட்டரி மட்டும் கையில் ஒன்று கூடுதலாக இருக்கட்டும். டி3500 ஒரு பேட்டரிக்கு 1550 படம் என்று கம்பெனி கணக்கு, 90டி 1300. மிரர்லெஸ் அந்தப் பக்கமே வராது.

ஐப்பசி, கார்த்திகை மழை வந்தால் இந்தப் பக்கத்து வீடுகளில் உப்புக்கூட ஊறிவிடும். கேமராவைத் துணி சுற்றி பீரோவில் வைத்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி ஃபங்கஸ் படரும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், அவ்வளவுதான் செலவு. அரிசிக்குள் புதைக்காதீர்கள், மாவு ஏறும். நடுத்தர பாடிகளில் சிலவற்றுக்கு ஈரம் புகாத ரப்பர் உறை உண்டு என்று உங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு மார்க் கொடுத்திருந்தார்கள். அதோடு மாட்டும் கிட் லென்ஸுக்கு அந்த உறை பெரும்பாலும் இருக்காது. கதவுக்குப் பூட்டுப் போட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதை. அப்புறம், ஏசி மண்டபத்திலிருந்து விடியற்காலை வெளியே வந்ததும் கேமராவைப் பையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். லென்ஸ் முழுக்கப் பனி பூத்து இருபது நிமிஷம் ஒன்றும் எடுக்க முடியாது. மாப்பிள்ளை அழைப்பு காத்திருக்காது.

பழைய நடுத்தர பாடி வாங்குவது நல்ல வழி, அதை உங்கள் பக்கம் சொல்லவே இல்லை. ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை எத்தனை தடவை அமுக்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். டி7500-க்கு ஒன்றரை லட்சம் தடவை என்று கம்பெனி சோதித்துச் சொல்கிறது, கேனான் 80டி-க்கு ஒரு லட்சம். விசேஷம் எடுக்கிறவர் ஒரு நாளில் இரண்டாயிரம், இரண்டாயிரத்தைந்நூறு அமுக்கிவிடுவார். அறுபது விசேஷத்தில் ஒன்றரை லட்சம் முடிந்தது. அதற்குமேல் ஓடாது என்று இல்லை, ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். பில்லும் பெட்டியும் இல்லாமல் மட்டும் வாங்காதீர்கள்.

சரி, செவலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தொழுவத்தில்தான் நிற்கிறது. பையனிடம் என் பழைய பாடியையும் 35 லென்ஸையும் ஆறு மாதத்துக்குக் கொடுத்திருக்கிறேன். என்னோடு விசேஷத்துக்கு வந்து லைட் பிடிக்க வேண்டும், அதற்கு வாடகை கழித்துக்கொள்வேன். ஆறு மாதம் கழித்தும் ஆசை இருந்தால் எந்த பாடி என்று அவனே சொல்லட்டும், அப்போது அவனுக்கே தெரியும். போன வாரம் தாராசுரம் போய் நாற்பது படம் எடுத்து வந்து காட்டினான். குதிரை இழுக்கும் தேர் மண்டபத்தை எல்லாரும் போல நேராக எடுக்காமல், கீழே உட்கார்ந்து சக்கரத்தின் பக்கமாக எடுத்திருந்தான். நன்றாகத்தான் இருந்தது. லென்ஸ் மூடியை அங்கேயே எங்கோ தொலைத்துவிட்டு வந்திருக்கிறான். இன்னும் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அடுத்த முறை இப்படி ஒரு பக்கம் போடும்போது நிறம் என்ற வரிசையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கார்டு ஸ்லாட் எத்தனை என்று போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டுடியோக்காரம்மா,
வலங்கைமான், திருவாரூர் மாவட்டம்.
(பெயர் போட வேண்டாம். அந்த மஞ்சள் நீராட்டு வீட்டிலும் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்கள்.)